படுத்துக்கொண்டே வளர்ந்தவள்

"குதிகால் தரையில இருக்கணும். ஏமாத்தாத."

கொக்கி பென்சிலை மகளின் உச்சந்தலைமேல் படுக்க வைத்துக் கதவு நிலையில் கோடு போட்டான். டேப்பை இழுத்துப் பார்த்தான். நூற்றி ஐம்பத்தொன்பது. கோட்டை எச்சில் தொட்டு அழித்தான். மறுபடி அளந்தான்.

"மூணு தரமும் அதுதாம்பா வருது," என்றாள் மகள். "நிலை தேஞ்சுடும். விடுங்க."

"கடிதாசுல நூத்தி அறுவதுன்னு போட்டிருக்கானே."

கடிதம் அன்று காலையில்தான் வந்திருந்தது. விளையாட்டு விடுதி அலுவலகத்தின் கடிதம். பாப்பாவுக்கு வயது பதினாலு. கைப்பந்தில் வலைக்கு முன்னால் அவள் எகிறினால் எதிர்ப்பக்கம் நிற்கிற பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்ளும். பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தவளை என்று பெயர். விடுதியில் இடம் கிடைத்துவிட்டால் படுக்கை, படிப்பு, மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. சனிக்கிழமை இரண்டு மணிக்கு நேரில் வந்து உயரம் காட்ட வேண்டும். ஆட்டத்தில் போன மாதமே தேறிவிட்டாள். உயரம்தான் பாக்கி.

கொக்கி சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். கையில் எப்போதும் இரும்புக் கொக்கி இருப்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். இருபத்திரண்டு வருடமாக முதுகில் மூட்டை. மகள் முதுகில் எதுவும் ஏறக் கூடாது என்பது அவனுடைய ஒரே பிடிவாதம். பள்ளிப் பையைக்கூட அவனே தெருமுனை வரை தூக்கிக்கொண்டு போவான்.

"ஒரு சென்டிதானே குறையுது," என்றாள் மனைவி. அவள் ஆஸ்பத்திரி விரிப்புகள் வெளுக்கும் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். கொக்கியைவிட அரைத் தலை உயரம். "எங்க பக்கம் பாத்து வளந்திருந்தா இந்நேரம் ரெண்டு சென்டி மிச்சமே இருந்திருக்கும். உங்க பக்கம் பாத்துட்டா."

"எங்க பக்கத்துக்கு என்ன?"

"உங்க பக்கம் யாரும் கொடியில துணி காயப்போட்டே நான் பாத்ததில்ல. எல்லாம் புதர்மேலதான்."

கொக்கியின் ஆட்கள் மலையோரத்து ஜனங்கள். குட்டை. மனைவியின் ஆட்கள் கடலோரத்து ஜனங்கள். நெட்டை. கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்தச் சண்டை ஓய்ந்ததில்லை. மலையோரத்தில் மூன்று தலைமுறை ஒருவேளைச் சாப்பாட்டில் கல் சுமந்தது, கடலோரத்தில் ஏழைக்கும் தட்டில் மீன் இருந்தது என்பதையெல்லாம் இருவருமே கணக்கில் சேர்த்ததில்லை. எல்லாவற்றுக்கும் வம்சத்தின்மேல் பழி போட்டுவிட்டால் பேச்சு சுலபமாக முடியும்.

பாப்பா கடிதத்தை எடுத்து மேல்வரியைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இதுல உங்க வேலைன்னு போட்ட இடத்துல சூப்பர்வைசர்னு இருக்கு."

"அது அப்படித்தான் எழுதணும்."

"நீங்க சூப்பர்வைசர் இல்லியே."

"மூட்டை தூக்குறவன்னு எழுதினா எந்த ஆபீசுலயும் பின்வாசலைத்தான் காட்டுவான். அதெல்லாம் உனக்குப் புரியாது. நிமிந்து நில்லு."

மறுநாள் செவ்வாய்க்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனான். உண்மையான சூப்பர்வைசரிடம் ஒரு சட்டையும் ஒரு ஜோடி ஷூவும் இரவல் வாங்கியிருந்தான். சட்டை முழங்கால் வரை தொங்கியது. ஷூவுக்குள் காகிதம் அடைத்திருந்தான். ஒரு சென்டிமீட்டரைப் பேசிக் குறைத்துவிட வேண்டும் என்பது திட்டம். கிடங்கில் லாரிக்காரர்களிடம் பேசிப் பேரம் முடிப்பவன் அவன்தான். அதே வாயால் இங்கேயும் முடியும் என்று நம்பினான்.

அலுவலக நடைபாதையின் நடுவில் பெரிய இரும்பு அலமாரி ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது. போகிற வருகிறவர்கள் எல்லாம் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்தார்கள். கொக்கி அதை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தான். உள்ளே கோப்புகள் இருக்கின்றன. இருநூறு கிலோவுக்குக் குறையாது. தெரியாதவர்களுக்கு நாலு ஆள் வேலை. தெரிந்தவனுக்கு ஒரு நனைந்த சாக்கு போதும். கை பரபரத்தது. ஆனால் இன்று அவன் சூப்பர்வைசர். வயிற்றை எக்கி நுழைந்தான்.

குமாஸ்தா ஒல்லியான மனிதர். மூக்குக்கண்ணாடிக்கு மேல் வழியாகத்தான் பார்ப்பார்.

"ஒரு சென்டிதாங்க," என்றான் கொக்கி. "சின்னப் பொண்ணு. இன்னும் வளரும்."

"வளரும்னு எதை வச்சுச் சொல்றீங்க?"

கொக்கிக்கு அந்த நேரத்தில் ஒன்றுதான் தோன்றியது. "வம்சத்தை வச்சுத்தாங்க. நாங்க கடலோரத்து ஆளுங்க. எங்க வீட்டு வாசப்படி எல்லாம் எட்டடி. குனிஞ்சு பழக்கமில்ல."

குமாஸ்தா அவனைத் தலையிலிருந்து ஷூ வரை பார்த்தார். பார்க்க அதிக நேரம் ஆகவில்லை.

"நீங்க கடலோரமா?"

"எனக்குச் சின்ன வயசுல காய்ச்சல் வந்துடுச்சுங்க."

குமாஸ்தா படிவத்தை எடுத்தார். பூர்வீகம் என்ற கட்டம் காலியாக இருந்தது. அதில் கடலோரம் என்று எழுதினார். ஏதோ ஒரு அட்டையைப் புரட்டிப் பார்த்தார். கடிதத்தில் நூற்றி அறுபதை அடித்துவிட்டுப் பக்கத்தில் நூற்றி அறுபத்திரண்டு என்று எழுதி முத்திரை குத்திக் கையில் கொடுத்தார்.

"என்னங்க, ஏறிப்போச்சு?"

"விதிங்க. சனிக்கிழமை ரெண்டு மணி. அடுத்த ஆள்."

கொக்கி வீடு வந்து சேர்ந்தபோது மனைவியின் தம்பி வந்து உட்கார்ந்திருந்தான். அவனும் அதே கிடங்கில்தான் வேலை. ஆறடிக்கு மேல் இருப்பதால் ஏணி என்று பெயர்.

"பேசிக் குறைக்கப் போனவரு ரெண்டு சென்டி ஏத்திக்கிட்டு வந்திருக்காரு," என்றாள் மனைவி. "இன்னும் ரெண்டு தரம் போயிட்டு வாங்க. கூரையைப் பிரிச்சுத்தான் அளக்கணும்."

"சாக்குத் தைக்கிற அக்கா பொண்ணு இவ நெத்திக்குத்தான் வருவா," என்றான் ஏணி. "நூத்தி அம்பத்தஞ்சு. அவளுக்கு நேத்தே இடம் குடுத்துட்டாங்களாம் மாமா."

கொக்கிக்குப் புரிந்துவிட்டது. "அப்ப அந்தம்மாவுக்குப் பின்னால யாரோ பெரிய ஆள் இருக்காங்க, மச்சான்."

"சாக்குத் தைக்கிறவங்களுக்குப் பின்னால யாரு இருப்பா? சாக்குதான் இருக்கும்."

"நீ உலகம் தெரியாதவன். பெரிய மனுஷங்களுக்குத்தான் எல்லாம் வளையும். நான் சூப்பர்வைசர்னு போட்டது தப்பு. மேனேஜர்னு போட்டிருக்கணும்."

"அப்பா, நான் ஒண்ணு சொல்லட்டுமா," என்றாள் பாப்பா.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நீ வளந்தாப் போதும்."

மூன்று சென்டிமீட்டர். நாலு நாள். புதன்கிழமை காலையில் கொக்கி துணி காயப்போடும் மூங்கில் கழியை இழுத்துக் கட்டினான். பாப்பாவை அதில் தொங்கச் சொன்னான். தொங்கினால் முதுகு நீளும் என்று கிடங்கில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"கால்ல ரெண்டு செங்கல்லைக் கட்டலாமா?" என்று ஏணி கேட்டான்.

"பொண்ணு தொங்குது, நீ யோசனை சொல்ற. காலைப் பிடிச்சு மெதுவா இழு."

ஏணிக்கு மெதுவாக என்றால் என்ன என்று தெரியாது. அவன் இழுத்துப் பழகியதெல்லாம் லாரிக் கயிறு. கழி படீரென்று முறிந்தது. பாப்பா மாமன்மேல் விழுந்தாள். மாமன் சோப்புத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தான். தொட்டி சாய்ந்து ஆஸ்பத்திரி விரிப்புகள் இருபத்துநாலும் வாசல் மண்ணில் போய்ப் படுத்தன.

சலவைக்கூடத்தில் அன்று வேலை அதிகம் என்று மனைவி வீட்டுக்குக் கொண்டுவந்த விரிப்புகள் அவை. அவள் வாசலில் வந்து நின்றாள். மண்ணில் கிடந்த விரிப்புகளை எண்ணினாள்.

"அளந்து பாருங்க," என்றாள்.

அளந்தான். நூற்றி ஐம்பத்தெட்டரை.

"விழுந்ததுல அரை சென்டி உள்ள போயிடுச்சு," என்றான் கொக்கி.

அன்று முழுக்க கொக்கியும் ஏணியும் விரிப்பு துவைத்தார்கள். மனைவி ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள். வீட்டில் உண்மையான சூப்பர்வைசர் யார் என்று அன்று தெரிந்தது.

கடைசி விரிப்பைப் பிழியும்போதுதான் கொக்கிக்கு அந்தத் தூண் ஞாபகம் வந்தது.

கிடங்கின் நடுத்தூணில் ஆணியால் கீறிய கோடுகள் வரிசையாக இருக்கும். வேலைக்கு வருகிறவர்கள் முதல் மூட்டை தூக்குவதற்கு முன் தூணில் சாய்ந்து நின்று ஒரு கோடு போடுவார்கள். கடைசி மூட்டை இறக்கியபின் இன்னொரு கோடு. எல்லாருக்கும் சாயங்காலக் கோடு ஒரு விரல் கீழேதான் விழும். யாருக்கு அதிகம் இறங்குகிறது என்று பந்தயம்கூட உண்டு. இரவெல்லாம் படுத்து எழுந்தால் காலையில் பழைய கோட்டுக்கே திரும்பிவிடுவார்கள். இதைக் கிடங்கில் யாரும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முதுகுதான் சொல்லிக்கொடுத்தது.

"மச்சான்," என்றான் கொக்கி. "நாம அவ எழுந்து ஓடியாடின பிறகுதான் அளக்குறோம். பொண்ணு சுருங்கின பிறகு."

"ஆமா."

"நாளையிலேர்ந்து அவ எழுந்திருக்கவே கூடாது. சனிக்கிழமை ரெண்டு மணி வரைக்கும் படுத்தே இருக்கணும். மூணு நாளைக்கு வளந்தது எல்லாம் சேந்து நிக்கும்."

"பள்ளிக்கூடம்?"

பள்ளிக்கூடம் என்றதும் பாப்பா குறுக்கே வந்தாள். வியாழக்கிழமை பரீட்சை இருக்கிறது, கட்டாயம் போக வேண்டும் என்றாள். கொக்கி யோசித்து, போகும்போது வரும்போது மெதுவாக நடக்கும்படி அனுமதி கொடுத்தான்.

வியாழக்கிழமை அவள் வீடு வர ஒன்றரை மணி நேரம் தாமதம். கொக்கி வாசலில் டேப்போடு நின்றான்.

"இவ்வளவு நேரம் எங்க போன?"

"அது வந்துப்பா, நான் நேரா—"

"நடந்தா போன?"

"நடந்துதான். ஆனா கேளுங்க, அங்க போயி—"

"நடந்திருக்கா. ஊரெல்லாம் சுத்தி நடந்து ஒரு சென்டியை ரோட்டுலயே கரைச்சிட்டு வந்திருக்கா. போ, போய்ப் படு."

"அப்பா, நான் சொல்றதை ஒரு நிமிஷம்—"

"பேசாத. பேசினா உள்ள இருக்குற காத்து எறங்கும். காத்து எறங்கினா ஆள் சுருங்கும்."

பாப்பா அவனைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். அப்புறம் கட்டிலைப் பார்த்தாள். தலைமாட்டில் ஆறு வாழைப்பழம், இரண்டு அவித்த முட்டை, ஒரு செம்பு பால். தண்ணீர் பிடிக்க வேண்டாம், பாத்திரம் கழுவ வேண்டாம், விரிப்பு மடிக்க வேண்டாம் என்று அப்பா அம்மாவிடம் அடுக்கிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. வாயை மூடிக்கொண்டு போய்ப் படுத்தாள்.

வெள்ளிக்கிழமை முழுவதும் படுத்த வாக்கிலேயே சாப்பாடு. படுத்த வாக்கிலேயே படிப்பு. மத்தியானம் ஒருமுறை, "அப்பா, நெசமாவே ஒரு விஷயம்," என்றாள். கொக்கி உதட்டில் விரலை வைத்தான். அதற்குமேல் அவள் முயலவில்லை. இன்னும் ஒரு முட்டை கேட்டாள்.

"பொண்ணுக்குக் கன்னம் ஒருசுத்து பெருத்திருக்கு," என்றாள் மனைவி. "உசரம் வந்துச்சோ என்னவோ."

சனிக்கிழமை காலை படுக்கவைத்தே டேப் பிடித்தான். நூற்றி அறுபத்திரண்டு வந்தது. கொக்கி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"கால் பெருவிரலை நீட்டி வச்சிருக்கா, மாமா," என்றான் ஏணி.

"இருக்கட்டும். விரலும் அவளோடதுதானே."

இப்போது ஒரே சிக்கல். அலுவலகம் மூன்று கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் நிற்க வேண்டும். ஆட்டோவில் போனால் உட்கார வேண்டும், குலுங்கும். நிமிர்ந்தால் சேர்த்துவைத்ததெல்லாம் போய்விடும். கொக்கி நேராகக் கிடங்குக்குப் போய்த் தள்ளுவண்டியை எடுத்து வந்தான். நாலு சக்கரம், நீளப் பலகை, எட்டு மூட்டை தாங்கும். மேலே மூன்று சாக்கை விரித்தான். பாப்பாவை இருவருமாகத் தலைப்பக்கமும் கால்பக்கமும் பிடித்துப் பலகையை இறக்குவது போல நேராக இறக்கினார்கள்.

"தெருவுல எல்லாரும் பாப்பாங்கப்பா," என்றாள்.

"பாத்தா என்ன?"

"மூஞ்சிய மூடிக்கணும்."

நியாயமான கோரிக்கை. வெயிலும் இருந்தது. மனைவி துவைத்து வைத்திருந்த வெள்ளை விரிப்பு ஒன்றை எடுத்துத் தலையிலிருந்து கால்வரை போர்த்தினாள். இழுத்து ஓரங்களைச் செருகினாள். ஆஸ்பத்திரி விரிப்பு போர்த்தி அவளுக்குப் பழக்கம்.

ஏணி முன்னால் இழுத்தான். கொக்கி பின்னால் தள்ளினான். இரவல் சட்டை, இரவல் ஷூ. குலுங்கக் கூடாது என்று மிக மெதுவாகப் போனார்கள். பக்கத்திலேயே மனைவி, நேற்றெல்லாம் இஸ்திரி போட்ட களைப்பில் தலையைத் தொங்கப் போட்டபடி நடந்தாள்.

முதல் தெருவிலேயே சைக்கிளில் வந்தவர் இறங்கி நின்றார். தையல் கடைக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். மருந்துக் கடையில் பாதிக் கதவைச் சாத்தினார்கள்.

"எல்லாரும் மரியாதை குடுக்குறாங்க மாமா," என்றான் ஏணி.

"சட்டை அப்படி," என்றான் கொக்கி.

இரண்டாவது தெருவில் பெரியவர் ஒருவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்னால் வரத் தொடங்கினார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். மார்க்கெட்டைத் தாண்டும்போது பின்னால் பதினைந்து பேர் வந்தார்கள். ஒரு அம்மாள் கொக்கியின் மனைவி தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"என்ன வயசு?"

"பதினாலு."

"ஐயோ. எப்படி ஆச்சு?"

"எல்லாம் அவங்கப்பாவால," என்றாள் மனைவி, களைப்போடு. "மூணு நாளாப் படுக்கையிலதான்."

அந்த அம்மாள் விசும்பத் தொடங்கினாள். அவளைப் பார்த்து நாலு பேர் விசும்பினார்கள். துண்டு கட்டிய பெரியவர் வண்டியின் பக்கத்தில் வந்து, விரிப்பின்மேல் கை வைத்து, "போயிட்டு வா தாயி," என்றார்.

விரிப்புக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து அவர் கையில் வாழைப்பழத் தோலைக் கொடுத்தது.

பெரியவருக்கு அந்த வயதிலும் அவ்வளவு வேகமாக ஓட முடியும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். கூட்டம் சிதறியது. விசும்பிய அம்மாள் ஓடவில்லை. உட்கார்ந்துவிட்டாள். நாற்சந்தியில் நின்ற போலீஸ்காரர் அதுவரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். மறுபடி தலையில் வைத்துக்கொண்டு விசிலோடு வந்தார்.

"என்னய்யா இது?"

"பொண்ணு சார்," என்றான் கொக்கி. "உசரம் காட்டக் கொண்டுபோறோம்."

"உசரம் காட்டுறதுக்கு எதுக்குய்யா படுக்க வச்சுக் கொண்டுபோற?"

"நின்னா குறைஞ்சிடும் சார்." கொக்கி தூணைப் பற்றிச் சொன்னான். காலைக் கோடு, சாயங்காலக் கோடு, ஒரு விரல் இறக்கம், எல்லாம் சொன்னான்.

போலீஸ்காரர் நிதானமாகக் கேட்டார். முகம் மாறியது.

"மூட்டை இல்லாம, சும்மா நின்னாலும் குறையுமா?"

"நிக்கிற நேரத்தைப் பொறுத்து சார்."

"நான் இதே சந்தியில பதினெட்டு வருஷமா நிக்கிறேன்." அவர் தன் கால்களைக் குனிந்து பார்த்தார். "சேரும்போது என் பேண்ட் தரையில படாது. இப்பப் படுது. துணி நீளுதுன்னு என் வீட்டம்மாவை இத்தனை வருஷமாத் திட்டிக்கிட்டிருக்கேன்."

அதற்குமேல் அவர் விசாரிக்கவில்லை. நாலு பக்கமும் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தினார். தள்ளுவண்டி நடுச்சாலையில் தனியாகப் போனது.

அலுவலகத்தில் மணி இரண்டடிக்க ஐந்து நிமிடம். அளக்கும் அறை நடைபாதையின் கடைசியில் இருந்தது. வண்டியை வாசலில் விட்டுத் தூக்கிக்கொண்டு அலமாரிக்குப் பக்கத்தில் வந்ததும் பாப்பாவைச் சாய்த்து, பலகையை நுழைப்பது போல நுழைத்தார்கள். டாக்டரம்மா ஒருவர் அளவுக் கம்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேர் ஒரு பெண்ணைப் படுத்த வாக்கில் தூக்கி வருவதைப் பார்த்து எழுந்துவிட்டார்.

"ஆஸ்பத்திரி அடுத்த கட்டடம்," என்றார்.

"நல்லாத்தாங்க இருக்கா. சீக்கிரம் அளந்துடுங்க. நிறுத்தினதும் கரைய ஆரம்பிச்சிடும்."

பாப்பாவைக் கம்பத்தில் நிறுத்தினார்கள். கொக்கி மூச்சை நிறுத்திக்கொண்டான். கட்டை மெதுவாக இறங்கி அவள் தலையில் தொட்டது.

"நூத்தி அறுவது. சரியா," என்றார் டாக்டரம்மா. ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "இதை வெளியில குமாஸ்தாகிட்ட குடுங்க."

கொக்கிக்கு நாலு நாள் வேலை முதுகிலிருந்து ஒரே மூட்டையாக நழுவியது. இரண்டு சென்டி. எவ்வளவோ தூக்கியிருக்கிறான், இந்த இரண்டு சென்டி அசையவில்லை. குமாஸ்தாவின் மேசைமேல் அந்தச் சீட்டை வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தான். ஷூவைக் கழற்றினான். அடைத்திருந்த காகிதத்தை எடுத்தான்.

"என்னங்க, உக்காந்துட்டீங்க?" என்றார் குமாஸ்தா.

"நூத்தி அறுவத்திரண்டு கேட்டீங்க. எங்ககிட்ட இருக்குறது நூத்தி அறுவதுதான். சாக்குத் தைக்கிற அம்மா பொண்ணுக்கு நூத்தி அம்பத்தஞ்சுக்கே குடுத்துட்டீங்க. சூப்பர்வைசர் பொண்ணுக்கு இல்லன்னுட்டீங்க."

"அதுதாங்க கணக்கு." குமாஸ்தா அந்த அட்டையை எடுத்துக் காட்டினார். "டாக்டரம்மா போட்டது. ஊரெல்லாம் பிள்ளைங்களை அளந்து பாத்திருக்காங்க. ஒரே வயசுதான், ஆனா அப்பா அம்மா என்ன வேலை, எந்தப் பக்கத்து ஜனம், இதுல உசரம் மாறுது. வசதியான வீட்டுப் பிள்ளைக்குப் பதினாலு வயசுல வளர்த்தி முக்கால்வாசி முடிஞ்சிருக்கும். சுமை தூக்குறவங்க வீட்டுப் பிள்ளைக்கு இன்னும் பாக்கி கெடக்கும். இங்க வந்து மூணு வேளை சாப்பிட்டா ரெண்டு வருஷத்துல விட்டதைப் பிடிச்சிடும். அதனால அவங்களுக்கு அஞ்சு சென்டி சலுகை. மலையோரத்துப் பிள்ளைக்கும் கடலோரத்துப் பிள்ளைக்கும் தனித்தனி கணக்கு. நீங்க சூப்பர்வைசர், கடலோரம். ரெண்டுலயும் மேல நிக்கிறீங்க."

கொக்கி எழுந்தான். நாலு நாளாக அவன் தன் கையாலேயே மகளின் தலைக்குமேல் கம்பத்தை ஏற்றிக்கொண்டிருந்தான் என்பது மெதுவாக உள்ளே இறங்கியது.

"ஐயா," என்றான். "நான் சூப்பர்வைசர் இல்ல. மூட்டை தூக்குறவன். கடலோரமும் இல்ல. மலையோரம். என்னைப் பாத்தாலே தெரியலையா?"

குமாஸ்தா கண்ணாடிக்கு மேல் வழியாக அவனைப் பார்த்தார். அப்புறம் அவனைத் தாண்டி நடைபாதையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சலுகைன்னதும் எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க. மூட்டை தூக்குறவர்ங்கிறதுக்கு என்ன அத்தாட்சி?"

கொக்கி உள்ளங்கையை விரித்தான். காய்ப்பு தோல்செருப்பு மாதிரி இருந்தது.

"தோட்ட வேலை செஞ்சாலும் காய்க்கும்."

சட்டைக் காலரை இறக்கிப் பிடரியைக் காட்டினான்.

"கட்டி வந்து ஆறினாலும் அப்படி இருக்கும்."

"அப்பா," என்றாள் பாப்பா.

"பேசாத. பெரியவங்க பேசிக்கிட்டிருக்கோம்." கொக்கி குமாஸ்தாவிடம் திரும்பினான். "பின்ன எப்படிங்க நிரூபிக்கிறது?"

"எனக்கென்ன தெரியும்," என்றார் குமாஸ்தா, பேனாவை மூடியபடி. "இப்ப, உதாரணத்துக்குச் சொல்றேன், அந்த அலமாரி இருக்கு. மூட்டை தூக்குறவரா இருந்தா..."

அவர் முடிப்பதற்குள் கொக்கி இரவல் சட்டையைக் கழற்றி மகள் கையில் கொடுத்துவிட்டான்.

வண்டியிலிருந்த சாக்கில் ஒன்றை நனைத்து வரச் சொன்னான். ஏணி ஒரு பக்கத்தில் லேசாகச் சாய்த்துப் பிடிக்க, சாக்கை அடியில் செருகினான். முதுகைக் கொடுத்தான். கால்களை அகட்டி ஊன்றினான். இருநூறு கிலோ இரும்பு, கூட்டிக்கொண்டு போகிற குழந்தை மாதிரி நடைபாதையில் அவன் பின்னாலேயே நகர்ந்து போனது. ஒரு கீறல் இல்லை. டாக்டரம்மா அறைக்கதவைத் திறந்து வேடிக்கை பார்த்தார். எதிர் அறையின் மூலையில் சுவரோடு சேர்த்து நிறுத்திவிட்டு, தட்டிப் பார்த்தான். ஆடவில்லை.

"போதுமாங்க?"

குமாஸ்தா தாடையைத் தடவினார். "முக்கால்வாசி நம்பிக்கை வருது. அந்த இரும்பு மேசையும், ரெண்டு பெஞ்சும்..."

மேசையும் போனது. பெஞ்சுகளும் போயின. பாப்பா இரண்டு முறை வாயைத் திறந்தாள். இரண்டு முறையும் கொக்கி மூட்டை தூக்குகிறவனுக்கே உரிய முறைப்பால் அதை மூடினான்.

குமாஸ்தா படிவத்தை எடுத்தார். தலையைக் குனிந்து ஏதோ பார்த்தார்.

"மூட்டை தூக்குபவர், மலையோரம். தாய் கடலோரம்னா ஒண்ணு கூட்டணும். உங்களுக்கு வேண்டியது நூத்தி அம்பத்தாறு. பொண்ணு நூத்தி அறுவது. நாலு சென்டி மிச்சம். திங்கக்கிழமை பெட்டியோட வந்து சேரச் சொல்லுங்க."

முத்திரை விழுந்தது. கொக்கி அந்தச் சத்தத்தை வாழ்நாளில் மறக்க மாட்டான்.

மகள் இப்போது நிமிர்ந்து நடந்தாள், சாவகாசமாக, எவ்வளவு கரைந்தாலும் கவலையில்லை என்பதுபோல. மனைவி அவன் முதுகிலிருந்த துருவைச் சேலைத் தலைப்பால் தட்டிவிட்டாள். அவள் அப்படிச் செய்து பல வருடம் ஆகியிருந்தது.

"இனிமே யாராவது என்ன வேலைன்னு கேட்டா மூட்டைன்னே சொல்லுவேன்," என்றான் கொக்கி. "பாத்தல்ல, அதுக்கு இருக்குற மதிப்ப. வேற எவனாவது இன்னைக்கு அந்த அத்தாட்சியைக் காட்டியிருக்க முடியுமா?"

"அப்பா, இப்பவாவது நான் பேசலாமா?"

"இப்பப் பேசு. எவ்வளவு வேணும்னாலும் பேசு."

அவள் சொல்லத் தொடங்குவதற்குள், நடைபாதையைப் பெருக்கிக்கொண்டு வந்த அம்மாள் அலமாரி நின்ற இடத்தில் மாதக்கணக்கில் சேர்ந்திருந்த தூசியைத் துடைப்பத்தால் ஒரே இழுப்பில் இழுத்துவிட்டு, நிமிர்ந்து பாப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"வியாழக்கிழமை வந்து அப்பா வேலையையும் ஊரையும் திருத்தி எழுதிக் குடுத்துட்டு, அன்னைக்கே நூத்தி அம்பத்தாறு போதும்னு கையெழுத்து வாங்கிட்டுப் போன பொண்ணுதானே நீ, எங்கப்பா எவ்வளவு கனமும் தனியாத் தூக்குவாருன்னு நீ குமாஸ்தாகிட்டச் சொன்னப்ப நான் நம்பவே இல்ல."